மூக்குக்குள் வைத்தவர் யார்? என்ன வைத்தார்?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண் ஒருத்தி, சில மாதங்களுக்கு முன் நம்மைத் தேடிச் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். வயது இருபத்தாறு. துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தாள். "அண்ணே, இது கம்பெனி விவகாரம் இல்லே. ஆனா வேற யாருகிட்டே போறதுன்னு தெரியலே" என்று சொல்லித் துணியை விலக்கினாள். மூக்கு நுனி சிவந்து, தோல் காகிதம் போல் மெலிந்து, நடுவில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. எலும்பல்ல. சிலிக்கான் துண்டு!

சின்ன வயதில் விழுந்து தண்டு சப்பிப்போன மூக்கு. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் அதைச் சொல்லித் திரும்பிப் போனார்கள். நகரத்துக் கிளினிக் ஒன்றின் விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்தாள். குழுக் கடன் வாங்கிப் போய் மூக்கை எடுப்பாக்கிக்கொண்டாள். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு நுனி சிவந்தது; சீழ் கசிந்தது. மாத்திரை சாப்பிட்டால் நிற்கும், விட்டால் மறுபடி வரும். கிளினிக்கில் கேட்டதற்கு, "நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, எடுக்க வேண்டுமானால் தனிப் பணம்" என்றார்களாம்.

"ஆசைப்பட்டாள், அனுபவிக்கிறாள்" என்று நம் தோழர்களிலேயே ஒருவர் முணுமுணுத்தார். அவரோடு நமக்கு அன்று சண்டைதான். மூக்கும் முழியுமாக இருக்கிறாளா என்று பார்த்துப் பெண்ணெடுக்கும் ஊரில், மூக்கைச் சரி செய்யப் போனவளைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

மூக்கு வெறும் அலங்காரமல்ல என்பதை வேலூர் வட்டாரம் எப்போதோ கண்டுவிட்டது. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பாகங்களைத் தேடும். மூக்கின் உட்புறம் அதற்குத் தோதான இடம். குருத்தெலும்பு அழிந்து மூக்கு உள்ளே சரிந்துவிடும். நோய் குணமான பின்னும் அந்த மூக்கு ஊருக்கெல்லாம் சாட்சி சொல்லும். வேலை கிடைக்காது, வாடகைக்கு வீடு கிடைக்காது. 1946-இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் முதலில் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்கள். பிறகு முகத்துக்கும் வந்தார்கள். 1955-இல் தொடங்கிய கரிகிரி ஆஸ்பத்திரியில் டாக்டர் எர்னஸ்ட் பிரிட்ஷி போன்றவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். சரிந்த மூக்கில் வெளித்தோல் நன்றாகவே இருக்கும். உள்பக்கம்தான் சுருங்கிக் கிடக்கும். அதை விடுவித்து, நோயாளியின் சொந்தத் தோலையே உள்ளே ஒட்டி மூக்கை நிமிர்த்துவது ஒரு முறை. அந்த மூக்குகளை யாராவது ஆடம்பரம் என்று சொல்வார்களா?

சிலிக்கானை நாம் விஷம் என்று சொல்லவில்லை. வைத்துக்கொண்ட பலர் சுகமாக இருக்கிறார்கள். ஆனால் அது உடம்புக்கு அந்நியப் பொருள். உடம்பு அதைச் சுற்றி நார்ச் சவ்வு கட்டி ஒதுக்கி வைக்கிறது. நுனித் தோலை அது ஓயாமல் அழுத்தினால் தோல் மெலிந்து கிழியும். கிருமி ஏறிவிட்டாலோ, துண்டின் மேல் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு உள்ளே பதுங்கிவிடும். மாத்திரை அதை முழுதும் எட்டாது. துண்டை எடுத்தாக வேண்டும். புண் ஆறப் பல மாதம் பொறுக்க வேண்டும். பிறகுதான் காதிலிருந்தோ விலா எலும்பின் ஓரத்திலிருந்தோ சொந்தக் குருத்தெலும்பை எடுத்து மூக்கைக் கட்டலாம். இந்தச் சங்கடம் ஒரு வாரத்திலும் வரும். பத்து வருஷம் கழித்தும் வரும். நுனி சிவப்பது, தோல் பளபளவென்று மெலிவது, துண்டு ஒருபக்கம் நகர்வது, நீர் கசிவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். விரலால் அமுக்கிப் பார்க்கக் கூடாது.

1900 வாக்கில் ஐரோப்பாவில் உருக்கிய பாரபின் மெழுகை மூக்கில் ஊசி வழியே ஏற்றினார்கள். கட்டியும் புண்ணும் வந்தன. சிலருக்குக் கண்பார்வையே போயிற்று. அதற்குப் பின்தான் கைவிட்டார்கள்.

அந்தப் பெண்ணை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "உள்ளே வைத்தது என்ன? எந்தக் கம்பெனிச் சரக்கு?" அவளிடம் இருந்தது பணம் கட்டிய ரசீது ஒன்றுதான். அதில் 'மூக்கு' என்று எழுதித் தொகை போட்டிருந்தது. செருப்புப் பெட்டியின் மேல்கூட அளவும் நம்பரும் ஒட்டுகிறார்கள் ஐயா! மனுஷி மூக்குக்குள் வைத்ததற்கு ஒரு சீட்டு இல்லை!

சீட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு பார்த்திருக்கிறது. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியின் பிரிவு ஒன்று செய்த இடுப்பு மூட்டுகளை 2010-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அவை வைக்கப்பட்டிருந்தன. நஷ்ட ஈடு பற்றி 2018-இல் பேச்சு வந்தபோது, அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் எங்கே என்றே கண்டுபிடிக்க முடியவில்லை.

நம் தோல் ஷாப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். குரோமியத்தின் கொடிய ரகம் மூக்கின் நடுச்சுவரையே ஓட்டையாக்கும் என்பது பழைய தொழிலாளிகளுக்குத் தெரியும். 1948 தொழிற்சாலைச் சட்டம் குரோம் புண்ணை, டாக்டர் சர்க்காருக்குக் கட்டாயம் எழுதி அனுப்ப வேண்டிய நோய்களில் சேர்த்தது. ஒழுங்காக எழுதுகிறார்களா என்பது வேறு கதை; சட்டமாவது இருக்கிறது. உடம்பில் வைக்கும் சாதனங்களால் வரும் தீங்கைக் கண்காணிக்க 2015-இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் டாக்டர் மனசு வைத்தால் எழுதலாம், இல்லாவிட்டால் இல்லை. நாம் கேட்பது இதுதான்: எழுதுவதைக் கட்டாயமாக்கு, வைத்த பொருளின் சீட்டை நோயாளி கையில் கொடு, கெட்டுப்போனால் எடுக்கும் செலவை வைத்தவன் தலையில் கட்டு.

இருக்கிற விதியையாவது தெரிந்துகொள்வோம். 2002-ஆம் வருஷத்து மருத்துவ ஒழுங்கு விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வைத்திய ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். காசு வாங்கிச் செய்யும் வைத்தியத்தில் குறை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று 1995-இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

துண்டை எடுத்தாயிற்று. அவள் முகமூடி போட்டுக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். குழுக் கடன் தவணை வாராவாரம் போகிறது. ஆவணம் கேட்டுக் கிளினிக்குக்கு அவள் பேரில் பதிவுத் தபால் எழுதிப் போட்டோம். ஐந்து வாரம் ஆகிறது.