கட்டுரை மட்டும்தான் எழுத்தா?



கேரள அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து எழுதும் ‘சம்யுக்த டயரி’ நல்ல முயற்சி. பிள்ளை தனக்குத் தெரிந்ததைப் பென்சிலால் எழுதும். தெரியாத எழுத்தைப் பெற்றோர் பேனாவால் எழுதுவார்கள். மூணாறு, பீர்மேடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழ்வழி வகுப்புகளிலும் இது தமிழில் வேரூன்ற வேண்டும்.

டயரியோடு நின்றுவிடவும் கூடாது. ‘பசு’ பற்றிப் பத்து வரி மனப்பாடமாக எழுதும் பிள்ளைக்கு, அதே பசுவைக் காணவில்லை என்று அறிவிப்பு எழுதவும், அது கன்று போட்ட சேதியைப் பாட்டிக்குக் கடிதமாக எழுதவும், அதுவே பேசுவதுபோல் கதை எழுதவும் கற்றுத்தரலாமே! யாருக்கு எழுதுகிறோம் என்பது மாறினால் நடையும் மாறும் என்பது அப்போது தானே விளங்கும்.

தேயிலைத் தோட்ட லயத்தில் பேசும் தமிழும் கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் பேசும் தமிழும் வேறு வேறு. கதையின் உரையாடலில் அந்தப் பேச்சு வரட்டும். விண்ணப்பத்தில் பொதுத்தமிழ் வரட்டும். மலையாளச் சொல் கலந்தால் உடனே சிவப்பு மை வேண்டாம்.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு வழிசொல்கிறது. தமிழ் ஆசிரியர் பணியிடங்களைக் காலியாக விடாமலிருப்பதே அதற்கு முதல் படி. கல்வித்துறை கவனிக்குமா?

- வாசகர் ஒருவர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்