நசரேயின் கருவாட்டுக் கரை



போர்ச்சுகலின் நசரே என்றால் இன்று உலகுக்குத் தெரிவது அலைதான். 2020 அக்டோபரில் ஜெர்மன் வீரர் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் அங்கே பலகையில் சறுக்கிவந்த அலையின் உயரம் 26.21 மீட்டர். கடலடியில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று ஊரின் வாசல்வரை வந்து முடிகிறது. அந்த ஆழத்தில் வேகம் குறையாமல் வரும் அலையும், பக்கத்தில் ஆழமற்ற தரையில் தடைபட்டு வரும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் இத்தனை உயரம். ஆனால் இதெல்லாம் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் காணும் காட்சி.

நான் போனது கோடையில். லிஸ்பனிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். 1889 முதல் ஓடும் இழுவை ரயிலில் ஏறி, நூறு மீட்டருக்கும் உயரமான பாறை உச்சியில் இருக்கும் பழைய ஊரையும் மாதா கோயிலையும் பார்த்தேன். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முன் வாஸ்கோ ட காமா இங்கே வந்து வணங்கினார் என்கிறார்கள் ஊரார்.

என் மனம் நின்றது கீழே, மணலில்தான். கரப்பாவ் என்ற சின்ன மீனை வயிறு பிளந்து விரித்து, உப்பிட்டு, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைமேல் வெயிலில் காயப்போட்டிருக்கிறார்கள். கருவாட்டு வாசம் காற்றோடு வருகிறது. காய்வதைத் திருப்பிப் போடுவதும் விற்பதும் பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள். சிலர் இன்னும் ஏழு பாவாடை அடுக்கி உடுத்துகிறார்கள். படகுக்காகக் கரையில் காத்துக் கிடந்த பெண்கள் குளிருக்கு மேல்பாவாடையைத் தலையில் போர்த்திக்கொள்வார்கள், அதிலிருந்து வந்த வழக்கம் இது என்பது அங்கே சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

காத்திருப்பு என்பது அங்கே சாதாரணச் சொல் அல்ல. 1980களில் துறைமுகம் வரும்வரை, படகுகள் இந்த மணலிலிருந்தே அலையைக் கிழித்துப் போயின. திரும்பியதும் மாடு பூட்டிக் கரையேற்றினார்கள். கரைக்கு எதிரே, வீட்டார் கண்முன்னே கவிழ்ந்த படகுகள் உண்டு. இன்று கைதட்டிப் பார்க்கும் அதே கடலுக்கு இந்த ஊர் தன் பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறது. அலையின் சாதனைகளோடு இதையும் சேர்த்துச் சொன்னால்தான் நசரேயின் கதை முழுமை பெறும்.

அந்தப் பக்கம் போகும் வாய்ப்புள்ளவர்கள், உச்சியில் படம் எடுத்ததோடு பஸ் ஏறிவிடாதீர்கள். கடற்கரைக்கு இறங்கி, அந்த அம்மாக்களிடம் இரண்டு வார்த்தை பேசி, கொஞ்சம் கருவாடு வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்