7 எழுத்து, 39 பைட்

“அது உள்ள இருந்து வர்ற ஸ்ட்ரிங்தானே பாஸ், எப்படிப் பெருசாகும்?”

இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரை.

சொன்னவர் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். இடம், ஒரு கோட் ரிவ்யூ. ஆஸ்பத்திரிப் படுக்கை ஓரமாக நிற்கும் ஒரு கருவிக்கான டிரைவர். அதில் ஒரு வரி, கருவியின் பெயரை 32 பைட் பஃபரில் ஸ்பிரின்ட்எஃப் வைத்து எழுதுகிறது. மாற்றலாம் என்றேன். “ஏழு வருஷமா ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்? யாரு 32 எழுத்துக்குப் பேர் வைக்கப் போறாங்க?” என்று முடித்துவிட்டார்.

நிரல் எழுதாதவர்களுக்கு, எங்கள் கொட்டிவாக்கத்துப் பாஷையில் சொல்கிறேன். 9,000 லிட்டர் சம்ப்பில் 12,000 லிட்டர் லாரியைத் திறந்துவிடுகிறார்கள். ஹோஸுக்கு சம்ப் எவ்வளவு கொள்ளும் என்று தெரியாது. யாராவது பக்கத்தில் நின்று “போதும்ணே” என்று கத்த வேண்டும். ஸ்பிரின்ட்எஃப் அந்த ஹோஸ். எங்கே கொட்டுவது என்று மட்டும் அதற்குச் சொல்கிறோம், எவ்வளவு கொள்ளும் என்று சொல்ல அதில் இடமே கிடையாது. தெருவில் வழிந்தால் தண்ணீர்தான் வீண். நினைவகத்தில் வழிந்தால் பக்கத்தில் இருக்கும் தரவின் மேல் எழுதிவிடும். அந்தத் தரவு ‘அடுத்து எந்த ஃபங்ஷனுக்குப் போக வேண்டும்’ என்கிற முகவரியாக இருந்தால், வழியவிட்டவன் சொல்கிற இடத்துக்கு இயந்திரம் போகும். டிரைவர் கர்னலுக்குள்ளேயே ஓடுவதால் அதற்கு மேலே தட்டிக்கேட்க ஆள் இல்லை.

‘உள்ளே இருந்து வருகிற ஸ்ட்ரிங்’ என்ற நம்பிக்கையின் விலை என்னவென்று 2021 மார்ச்சில் லினக்ஸ் உலகம் பார்த்தது. நெட்வொர்க் வழியாகச் சேமிப்பகத்தை இணைக்கும் ஐஸ்கஸி பகுதியில் கிரிம் என்ற நிறுவனத்தார் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். சிவிஇ-2021-27365 என்பது அதன் எண். ஐஸ்கஸியின் சில அமைப்புகளுக்கு ஸ்ட்ரிங் மதிப்பு கொடுக்கலாம். எவ்வளவு நீளம் என்று நுழைவாயிலில் யாரும் கேட்கவில்லை. அதைத் திரும்பப் படிக்கும்போது ஒரு பக்க அளவு பஃபரில், அதாவது பெரும்பாலான கணினிகளில் 4,096 பைட்டில், ஸ்பிரின்ட்எஃப் எழுதியது. சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் ஆவதற்கு அது வழிவிட்டது. அந்த நிரல் 2006-லிருந்து அங்கே இருந்தது. ஏழு வருடம் என்ன, பதினைந்து வருடம் ‘ஓடியது’.

திருத்தம் இரண்டு இடத்தில் நடந்தது. உள்ளே வரும்போதே நீளத்துக்கு வரம்பு. வெளியே எழுதும்போது ஸ்பிரின்ட்எஃப்புக்குப் பதில் சிஸ்எஃப்எஸ்_எமிட். இந்த ஃபங்ஷன் 2020 இறுதியில் வந்த 5.10 கர்னலில்தான் சேர்ந்தது. பஃபர் ஒரு பக்கம்தான் என்பது அதற்கே தெரியும், தாண்டாது.

சாதனம் சொல்லும் பெயரும் ‘உள்ளே’ இருந்து வருவது ஆகாது. யூஎஸ்பி சாதனம் தன் பெயரை 126 குறிகள் வரை சொல்லலாம். யூடிஎஃப்-8-க்கு மாற்றினால் அது 378 பைட் வரை போகும். கயாக் என்ற ஆடியோ டிரைவர் அந்தப் பெயரை நீளம் பார்க்காமல் நகலெடுத்தது. 2011-ல் அதற்கும் ஒரு சிவிஇ எண் விழுந்தது. ஸ்லாட்டில் செருகுகிற பொருள் பொய் சொல்லாது என்று டிரைவர் எழுதுபவர் நம்பினால், மற்றவர்கள் எல்லாரும் அந்த நம்பிக்கைக்குப் பணயம்.

சரி, ‘32 எழுத்து’ விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயந்திரம் சோதனைக் கருவி ஒன்றுக்கு ‘கொட்டிவாக்கம்’ என்று பெயர் வைத்தேன். நமக்கு அது 7 எழுத்து. யூனிகோடுக்கு 13 குறி. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், ஆக 39. முடிவைக் குறிக்கும் சுழியோடு 40. கருவி நிற்கவில்லை, பிழைச்செய்தி வரவில்லை, பெயர் திரையில் அழகாகத் தெரிந்தது. ஆனால் கடைசி 8 பைட் பஃபருக்கு வெளியே கிடந்தது. ‘க’வின் ஒரு துண்டு, ‘ம்’ முழுசாக, அந்தச் சுழி. பக்கத்து ஃபீல்டில் எச்சரிக்கை மணி எப்போது அடிக்க வேண்டும் என்கிற வரம்பு எண் இருந்தது. இப்போது அங்கே ஒரு ‘ம்’ இருந்தது.

“யாரு 32 எழுத்துக்குப் பேர் வைப்பாங்க” என்று கேட்டவர் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார். ஆனால் அவர் கணக்கில் எழுத்து என்றால் ஆங்கில எழுத்து. கருவிக்கு ஒரு நர்ஸ் தன் வார்டின் பெயரைத் தமிழில் வைக்கக்கூடும் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. ‘ஸ்பிரின்ட்எஃப்பைத் தேடி எஸ்என்பிரின்ட்எஃப் என்று மாற்றுவது வெறும் சடங்கு’ என்பார்கள். பாதி சரி. எஸ்என்பிரின்ட்எஃப் பஃபரைத் தாண்டாது, ஆனால் அது திருப்பித் தருவது எழுதிய அளவை இல்லை, இடம் இருந்திருந்தால் எழுதியிருக்கக்கூடிய அளவை. அந்த எண்ணை நம்பி அடுத்த துண்டை ஒட்டினால் எல்லைக்கு வெளியே போய் நிற்பீர்கள். அதனால்தான் உண்மையில் எழுதிய அளவைத் தரும் எஸ்சிஎன்பிரின்ட்எஃப் கர்னலில் இருக்கிறது. வெட்டுவதும் இலவசம் இல்லை. என் உதாரணத்தில் 31 பைட்டோடு வெட்டினால் ‘கொட்டிவாக்’ மிஞ்சும், அதன் வாலில் ‘க’வின் முதல் பைட் மட்டும் தொங்கும். வெட்டுப்பட்டதா என்று பார்க்க வேண்டும், பட்டிருந்தால் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். இதெல்லாம் வேலைதான். அதைச் செய்யச் சொல்லித்தான் சம்பளம் தருகிறார்கள்.

‘நல்ல புரோகிராமர் கவனமா எழுதினா போதும்’ என்ற வாதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 1988 நவம்பரில் மாரிஸ் வார்ம் இணையத்தை முடக்கியபோது அது நுழைந்த வாசல்களில் ஒன்று, அளவு கேட்காமல் வாசிக்கும் கெட்ஸ் என்ற ஃபங்ஷன். அதை சி மொழியின் தரவரையறையிலிருந்து நீக்கியது 2011-ல். கவனம் போதும் என்று சொல்லிக்கொண்டே 23 வருடம் போயிருக்கிறது. எங்கள் பக்கத்திலேயே ஐஐடி மெட்ராஸில், சக்தி செயலியைச் செய்தவர்கள் 2019-ல் சக்தி-எம்எஸ் என்ற வடிவத்தை வெளியிட்டார்கள். சி நிரல் நினைவக எல்லையைத் தாண்டுகிறதா என்று வன்பொருளே பார்க்கும். சிலிக்கானில் காவல் போடுகிற அளவுக்கு ஆட்கள் மெனக்கெடுகிறார்கள் என்றால், மனிதக் கவனத்தை அவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போய்ச்சேரும் இடத்தின் அளவைக் கேட்காத எந்த ஃபங்ஷனும் புது டிரைவர் நிரலில் வரக்கூடாது. பழையதைத் தொடும்போது மாற்ற வேண்டும். ‘உள்ளே இருந்து வருவது’ என்று சொல்பவர் அந்த நீளம் எந்த வரியில் சோதிக்கப்படுகிறது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ரிவ்யூ முடியவில்லை.

மறுநாள் அவரிடம் அந்த 8 பைட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். “தமிழ்ல வெச்சா மட்டும்தானே?” என்றார்.