மாத்திப் பாத்துடலாம் சார்!

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் ‘செக் எஞ்சின்’ விளக்கு எரிந்தால் போதும், ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிவிடுவார்கள். திரையில் பி0135 என்று கோளாறு கோடு வரும், கூடவே ஆக்ஸிஜன் சென்சார் பெயரும். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. “சென்சார் போயிடுச்சு சார். மாத்திப் பாத்துடலாம்.”

யார் காசில் பார்ப்பது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அந்த வரியை முழுசாகப் படித்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வராது. சென்சாரைச் சூடாக்குகிற ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான் அது சொல்கிறது. புகை போகும் வழியில் உட்கார்ந்திருக்கும் இந்தச் சாமான் 300 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்காகத்தான் உள்ளே ஹீட்டர். அந்தச் சுற்றில் ஃபியூஸ் இருக்கிறது, கனெக்டர் இருக்கிறது, ஒயர் இருக்கிறது. எது அறுந்தாலும் இதே கோடு வரலாம். கனெக்டரைப் பிடுங்கி மல்டிமீட்டரை வைத்தால், ஹீட்டர் உயிரோடு இருக்கிறதா, 12 வோல்ட் வந்து சேர்கிறதா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். மீட்டரை எடுக்கத்தான் ஆளில்லை. பி0171 வந்தாலும் இதே கூத்துதான். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று சென்சார் தகவல் சொல்கிறது. வேக்குவம் ஹோஸில் ஓட்டையா, பம்ப் சோர்ந்துவிட்டதா என்று பார்க்காமல், திருட்டைச் சொன்ன சாட்சியையே பிடித்து உள்ளே போடுகிறார்கள்.

சரி, மாற்றுவதாவது சுலபமா? வருடக்கணக்காகச் சூட்டில் வெந்த மரை மேனிஃபோல்டோடு ஒட்டிப் போயிருக்கும். ஒயர் நுழையப் பக்கவாட்டில் வெட்டுவிட்ட 22 எம்.எம். சாக்கெட் வேண்டும். பட்டறையில் இருப்பதோ சாதா ஸ்பேனரும் ஒரு இரும்புப் பைப்பும். மரை தேய்ந்துவிட்டால் மேனிஃபோல்டு லேத்துக்குப் போகும், அது தனி பில்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்ததில் எனக்கு வருத்தமில்லை, மூச்சு விடுகிற எல்லோருக்கும் நல்லதுதான். ஆனால் வண்டிக்குள் சென்சார் பெருகிய வேகத்துக்கு, ஒயரைத் தொட்டுப் பார்க்கிற பொறுமை பெருகவில்லையே!

என் வண்டிக்கும் இதே கதைதான். சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக அலைந்து, சில ஆயிரம் கொடுத்துப் புது சென்சார் வாங்கி மாட்டியாயிற்று. ஸ்கேனரில் அந்தக் கோளாறு கோடை அழித்தார்கள், விளக்கு அணைந்தது, லேபரும் வாங்கிக்கொண்டார்கள். பல கார்களில் அடுத்தடுத்த ஓட்டங்களில் அதே கோளாறு தெரிந்த பிறகுதான் விளக்கு மறுபடி எரியும். அதனால் ஒர்க் ஷாப் வாசலைத் தாண்டும்போது எல்லா வண்டியும் குணமான வண்டிதான். இரண்டு நாளில் மறுபடி மஞ்சள். “அப்போ எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர், ஈ.சி.எம். போயிருக்கும் சார்.” அதன் விலையைக் கேட்டபோது எனக்கே ஸ்கேனர் வைக்க வேண்டியிருந்தது.

தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் டார்ச் அடித்துப் பார்த்தார். ஹீட்டருக்குப் போகும் ஒயரை எலி கடித்து வைத்திருந்தது. மழைக்காலத்தில் சூடான பானெட்டுக்குள் குடிபோகிற அதே எலிதான். சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சுருக்கிவிட்டார். எவ்வளவு என்றேன். “இதுக்கெல்லாம் காசா, விடுங்க சார்” என்றார்.

பழைய சென்சாரையும் மீட்டரில் வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. புதுசைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்குப் போனால், கல்லாவுக்கு மேலே பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள்: எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாது.