கிளினிக்கோடு நின்றுவிடலாமா?

எரியோட்டு இளைஞர்களே! வியாபாரப் பெருமக்களே! உங்களோடு ஒரு வார்த்தை.

நம் பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தால் தெருவெல்லாம் இனிப்பு வழங்குகிறோம். படிப்பு முடிந்ததுமே, "கிளினிக் போடு, கல்யாணத்தை முடி" என்கிறோம். அத்தோடு சரி! அறுவைச் சிகிச்சைத் துறையில் பேராசிரியராக அமர்ந்து, அடுத்த தலைமுறைக்குக் கத்தி பிடிக்கக் கற்றுத் தருவது யார்? அந்த நாற்காலி நமக்கு வேண்டாமா?

பத்தாம் நூற்றாண்டில் கருவிகளைப் படம் வரைந்து அறுவை மருத்துவம் எழுதிய குர்துபாவின் அஸ்ஸஹ்ராவியை மேடைதோறும் புகழ்கிறோம். அவர் வைத்தியர் மட்டுமல்ல, கற்றுக் கொடுத்தவர்! புகழ்ந்தால் போதுமா?

வழி இருக்கிறது. 2007-ல் சட்டமான 3.5 சதவீத ஒதுக்கீடு எம்.பி.பி.எஸ்.ஸோடு நிற்பதில்லை. எம்.எஸ். படிப்புக்கும், அரசு மருத்துவப் பணிக்கும் உண்டு. எம்.எஸ். மூன்றாண்டு, சீனியர் ரெசிடென்ட் ஓராண்டு. பிறகு உதவிப் பேராசிரியர் பதவிக்குத் தகுதி வந்துவிடும். பக்கத்திலே திண்டுக்கல்லிலேயே 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. ஆனால் எம்.சிஎச். போன்ற உயர்சிறப்புப் படிப்பில் சமூக ஒதுக்கீடு கிடையாது. அங்கே உழைப்புதான் துணை.

"பொம்பளப் பிள்ளைக்கு அறுவை எதற்கு?" என்பவர்களே! 1875-லேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மேரி ஷார்லீப், பின்னாளில் லண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவரானார். நம் மகளுக்கு மட்டும் கதவடைப்பதா?

வியாபாரிகளே! கல்யாண மண்டபத்தில் கொட்டுவதில் ஒரு பங்கை, மேற்படிப்புத் தேர்வுக்குப் படிக்கும் ஏழை டாக்டருக்குக் கொடுங்கள். குடும்பத்தைத் தாங்கிக்கொள்ள ஆள் இருந்தால்தான் அவர் கிளினிக்குக்கு ஓடாமல் படிப்பார்.

சிந்திப்பீர்! செயல்படுவீர்!