கயிற்றை யார் கழற்றுவது?

ஆசிரியர் பயிற்சிகளில் இப்போது ஒரு புதுச் சொல் புழங்குகிறது: மீள்திறன். சோர்ந்துபோன இளம் ஆசிரியர் மூச்சுப் பயிற்சி செய்து, மனதைத் தேற்றிக்கொண்டு, மறுநாள் சிரித்த முகத்தோடு வகுப்புக்குப் போக வேண்டுமாம். அவரைச் சோர வைத்தது எது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் தோழி ஒருவர் தென்மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். தலித், வீட்டின் முதல் பட்டதாரி. பள்ளி இருக்கும் ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல், தினமும் இரண்டு பேருந்து மாறிப் போய்வருகிறார். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டி வந்ததைப் பார்த்து, "கழட்டுங்கடா" என்றிருக்கிறார். மறுநாள் ஒரு பையனின் சித்தப்பா பள்ளிக்கு வந்தார். சத்தம் எதுவும் போடவில்லை. "டீச்சருக்கு எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?" அவ்வளவுதான். இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். வந்தவர் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு புள்ளி. தலைமையாசிரியர் தோழியை அழைத்து, "எதுக்கும்மா வம்பு, நீங்களே டெம்ப்ரவரி" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார்.

2022இல் 13,331 காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அரசு முடிவெடுத்தது. அப்போது அறிவித்த மாதச் சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய். தொகை பிறகு உயர்ந்தது. வேலைக்கான உத்தரவாதம் வரவில்லை. பள்ளியை ஊர் மக்கள் கேள்வி கேட்பது நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. குழுவில் ஒடுக்கப்பட்ட பெற்றோருக்கும் இடமுண்டு. ஆனால் கூட்டத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பேசுவது யார்? ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் இடத்தில், ஆசிரியரின் அடுத்த ஆண்டுப் பிழைப்பை 'ஊர்' கையில் கொடுத்தால் அது யார் கைக்குப் போகும்?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொன்னது. எல்லாம் தேவையானவை. ஆனால் வகுப்பறையில் அந்தக் கயிற்றைக் கழற்றச் சொல்ல வேண்டியவர் ஓர் ஆசிரியர். கற்பித்தல் போக எமிஸ் பதிவேற்றம், கணக்கெடுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவர். ஏப்ரலோடு வேலை முடியலாம் என்று பயந்துகொண்டிருப்பவர்.

அவருக்கு மூச்சுப் பயிற்சி வேண்டாம். நிரந்தரப் பணி வேண்டும். சாதியை விசாரித்து மிரட்டுபவர் மீது, தலைமையாசிரியரைத் தாண்டிப் புகார் செய்ய ஒரு வழி வேண்டும். பள்ளிக்குப் பக்கத்தில் அரசுக் குடியிருப்பு வேண்டும். இதையெல்லாம் ஆசிரியர் சங்கங்கள் ஊதியக் கோரிக்கையோடு சேர்த்து எழுப்பலாமே. சாதி என்றதும் ஏன் அத்தனை மௌனம்?

ஜூனில் பள்ளி திறந்தபோது தோழிக்கு மறுபடியும் அதே பள்ளியில் வேலை கிடைத்தது. கயிறு பற்றி என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கரும்பலகையப் பாத்து நடத்துறேன்" என்றார்.