கை நடுங்கினால் குடிகாரர் என்று அர்த்தமா?

'அப்பாவுக்கு 61 வயது. இரண்டு ஏக்கரில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறார். நாலைந்து வருடமாக டீ டம்ளரைத் தூக்கினால் கை நடுங்குகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் நடுக்கம் இல்லை. தாத்தாவுக்கும் இப்படித்தான் இருந்ததாம். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று பேங்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடிப்பழக்கமே இல்லாதவரை ஊரில் குடிகாரர் என்கிறார்கள். இது பார்க்கின்சன் நோயா? பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா?'

- வாசகர், திருக்கழுக்குன்றம்

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் கை ஓய்வாக இருக்கும்போதுதான் நடுக்கம் தெரியும். நடையும் மெதுவாகும், உடம்பு இறுகும். டம்ளரைத் தூக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் இரண்டு கையும் நடுங்கி, வேலையை விட்டதும் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் 'எசென்ஷியல் ட்ரெமர்' என்ற வேறு கோளாறு. உலகம் முழுக்கப் பரவலாகக் காணப்படுவது இது. பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும்.

இதற்குக் காரணம் பயமோ பலவீனமோ அல்ல. தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே சிறுமூளை இருக்கிறது. கை கால் அசைவை அளவோடு வைத்திருப்பது அதன் வேலை. மாமல்லபுரத்தில் சிற்பி ஒருவர் உளி பிடித்துச் சிலைக்குக் கண் திறக்கும்போது, கை ஒரு மயிரிழைகூட விலகாமல் பார்த்துக்கொள்வதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு.

அங்கே பர்கின்ஜி செல்கள் என்று ஒரு வகை உண்டு. 1837-ல் அவற்றை விவரித்த செக் நாட்டு அறிஞரின் பெயரே அவற்றுக்கு வைக்கப்பட்டது. ஒவ்வொரு செல்லும் கிளை விரித்த மரம்போல இருக்கும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழியாக அதற்குச் செய்தி வரும். அத்தனையையும் வாங்கி, 'போதும், குறை' என்று அடக்குவது அதன் வேலை. ஏரி மடையில் நிற்கும் ஆள் பலகையை ஏற்றி இறக்கி, வயலுக்குத் தண்ணீரை அளவாக விடுவதுபோல. அந்த ஆள் தடுமாறினால் தண்ணீர் விட்டு விட்டுப் பாயும். கை நடுங்குவதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இந்த நடுக்கம் இருந்தவர்கள் இறந்த பிறகு, குடும்பத்தார் தானமாகத் தந்த மூளைகளை அமெரிக்காவில் நியூயார்க் ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். பர்கின்ஜி செல்லின் நீண்ட இழை, மரவள்ளிக் கிழங்குபோல நடுவில் தடித்து வீங்கியிருந்தது. சிலருக்குச் செல்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. இந்தக் குறைவு எல்லா ஆய்விலும் தெரியவில்லை என்பதால் விவாதம் இன்னும் ஓயவில்லை. 2020-ல் வெளியான ஆய்வில், இந்தச் செல்லின்மேல் கொடிபோலப் படரும் நரம்பிழைகள் தமக்குரிய இடத்தைத் தாண்டி, வேண்டாத கிளைகளிலும் படர்ந்திருந்தது தெரிந்தது.

பூனைக்காலி விஷயத்துக்கு வருவோம். அந்த விதையில் லெவோடோபா என்ற பொருள் இருப்பது உண்மை. பார்க்கின்சனுக்குத் தரும் முக்கிய மருந்தும் அதுதான். அந்த நோயில் மூளையின் வேறொரு பகுதியில் டோபமைன் சுரக்கும் செல்கள் அழிகின்றன. லெவோடோபா அந்தக் குறையை ஈடுகட்டும். சிறுமூளைக் கோளாறுக்கு அது உதவாது. எனவே பொடி வேண்டாம். சாராயம் குடித்தால் இந்த நடுக்கம் சற்று நேரம் அடங்கும். போதை இறங்கியதும் கூடிவிடும். அதை மருந்தாக நினைத்துக் குடிக்கு அடிமையானவர்கள் உண்டு.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டலாம். தைராய்டு மிகுதியும், ஆஸ்துமாவுக்கும் வலிப்புக்கும் தரும் சில மாத்திரைகளும் கையை நடுங்க வைக்கும். அதனால் சாப்பிடும் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போக வேண்டும். இந்த நடுக்கத்துக்குப் புரோப்ரனலால், பிரிமிடோன் என்ற மாத்திரைகள் உண்டு. நோய் தீராது, ஆனால் பலருக்கு நடுக்கம் குறையும். புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் எழுதித் தராமல் கடையில் வாங்க வேண்டாம். டீ, காபியைக் குறைத்துப் பார்க்கலாம். கனமான டம்ளரில் பாதியளவு ஊற்றிக் குடித்தால் சிந்தாது.

பூச்சிமருந்து அடித்த அன்றே நடுக்கத்தோடு எச்சில் வடிதல், அதிக வியர்வை, கண் மங்கல், தசைத் துடிப்பு வந்தால் அது வேறு. விஷம் ஏறியிருக்கிறது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

பேங்க் விஷயத்துக்கும் வழி உண்டு. முதுமையாலோ நோயாலோ கையெழுத்துப் போட முடியாதவர்கள் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். டாக்டர் சீட்டோடு மேலாளரைப் பார்த்து இந்த விதியைச் சொல்லிக் கேட்கலாம். அதே சீட்டை ஊரில் பேசுகிறவர்களுக்கும் காட்டலாம்.